மிக்ஸரில் ஏறாத குரவை

ஆரல்வாய்மொழிக் கணவாயில் வைகாசி பாதி தாண்டிவிட்டால் காற்று யார் சொல்லும் கேட்காது. மேற்குத் தொடர்ச்சி மலை தாழ்ந்து வழிவிடும் அந்த இடைவெளியில் அரபிக்கடல் காற்று மொத்தமும் புகுந்து கிழக்கே ஓடும். முப்பந்தல் வட்டாரத்தில் ஏறக்குறைய 1,500 மெகாவாட் திறனுக்குக் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. காற்றாலைக்காரர்களுக்கு அது வருமானம். மைக் செட்காரருக்கு அது பிடித்த சனி.

"வில்லுக்கு மூணு மைக் போதும் சார். அண்ணாவிக்கு ஒண்ணு, குடத்துக்கு ஒண்ணு, பின்பாட்டுக்கு ஒண்ணு. நாலாவதா ஒண்ணு வச்சேன்னு வையுங்க, காத்து வந்து அதுல உக்காந்துக்கிடும்" என்றார் அவர். மூன்று மைக்கின் தலையிலும் ஸ்பாஞ்சை வைத்து, அதன்மேல் கைக்குட்டையைச் சுற்றி, ரப்பர் வளையம் மாட்டிக்கொண்டிருந்தார்.

"கூட்டத்துக்கு மைக் கிடையாதா?" என்று என் நண்பர் கேட்டார்.

மைக் செட்காரர் நிமிர்ந்து பார்த்தார். "அவங்களா பாடப் போறாங்க?"

நண்பர் சென்னையில் ஒலிப்பதிவு வேலை செய்கிறவர். ராக் குழுக்களின் கச்சேரிப் பதிவுகள் என்றால் உயிர். ஸ்டுடியோவில் பதிவான பாட்டைவிட அதே பாட்டை ஆயிரம் பேர் நடுவில் பாடியதைத்தான் கேட்பார். எனக்கு அந்தப் பைத்தியம் இல்லை. ஆனால் நாஞ்சில் நாட்டில் வில்லுப்பாட்டை இரவு முழுக்க உட்கார்ந்து கேட்ட பழக்கம் சிறுவயதிலிருந்தே உண்டு. பழைய கேசட் ஒன்றை அவருக்குப் போட்டுக் காட்டியபோது, "நாற்பது வருஷமாக ஒரே ஆட்கள் சேர்ந்து வாசிக்கிறார்கள், ஊர் ஊராகப் போகிறார்கள், ரசிகர்கள் பின்னாலேயே போகிறார்கள். இது பேண்ட் இல்லாமல் வேறென்ன?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் எங்களைத் தோவாளைத் தாலுகாவில் ஓர் இசக்கியம்மன் கோவில் கொடைவிழாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

ரயிலில் வரும்போதே அவருடைய பாடம் ஆரம்பித்துவிட்டது. டீப் பர்ப்பிள் குழு 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் நடத்திய கச்சேரிகளிலிருந்து வந்த 'மேட் இன் ஜப்பான்' அவருக்கு வேதம். அந்தப் பதிவில் குழுவுக்கே முதலில் ஆர்வம் இல்லை. ஜப்பானுக்கு மட்டும் வெளியிட்டால் போதும் என்றிருந்தார்கள். கலவை செய்யும்போது ஐந்து பேரில் இரண்டு பேர்தான் வந்து உட்கார்ந்தார்கள். அதுதான் பிறகு உலகம் முழுக்க விற்றது. மறுபக்கம் கிஸ் குழுவின் 1975-ஆம் ஆண்டு கச்சேரித் தொகுப்பு. அதில் பல இடங்களை ஸ்டுடியோவில் திரும்ப வாசித்து ஒட்டினார்கள், கூட்டத்தின் சத்தத்தையும் கூட்டி வைத்தார்கள் என்று சம்பந்தப்பட்டவர்களே பின்னாளில் ஒத்துக்கொண்டார்கள். ரசிகர்கள் அதற்காக அதைத் தூக்கி எறிந்துவிடவில்லை. இந்தியாவில் என்றால் இந்தியன் ஓஷன். 1990-இல் தொடங்கிய டெல்லிக் குழு. நாடகக் கலைஞர் சப்தர் ஹாஷ்மி வீதி நாடகம் போட்டுக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டது 1989 ஜனவரி 1. அவர் நினைவாக டெல்லியில் ஆண்டுதோறும் அதே நாளில் கூடுவார்கள். 1997-இல் அந்தக் கூட்டத்தில் இந்தியன் ஓஷன் வாசித்ததுதான் 'டெசர்ட் ரெயின்' தொகுப்பானது. "ஸ்டுடியோவுக்குப் போயிருந்தால் அந்த ஆல்பம் கிடைத்திருக்காது. குளிரில் உட்கார்ந்திருந்தவர்கள் பிடித்து வைத்த பாட்டு அது" என்றார். எனக்குக் கொஞ்சம் மிகையாகத்தான் பட்டது.

கோவில் முற்றத்தில் ஒன்பது மணிக்கு வில்லைக் கொண்டு வைத்தார்கள். மணி கட்டிய நீண்ட வில், அதைத் தாங்கும் மண்குடம், உடுக்கை, தாளம், கட்டை. இவ்வளவுதான் கருவி. தலைமைப் பாடகரான அண்ணாவி இரண்டு கையிலும் வீசுகோல் எடுத்து நாணில் ஒரு தட்டுத் தட்டியதும் அத்தனை மணியும் ஒரே நேரத்தில் குலுங்கியது. நண்பர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். அண்ணாவிக்கு எழுபதை ஒட்டிய வயது. குடம் அடிப்பவர் அவர் மைத்துனர். உடுக்கைக்காரர் பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளி. பின்பாட்டுக்கு மட்டும் ஒரு இளைஞர். பழைய பின்பாட்டுக்காரர் காலமான பிறகு வந்தவராம். காப்புப் பாடி, குருவை வணங்கி, சபைக்கு அடக்கம் சொல்லி, நாட்டு வளம் பாடிக் கதைக்குள் நுழையவே ஒரு மணி நேரம் ஆனது. அண்ணாவி ஒரு வரி சொல்ல, பின்பாட்டுக்காரர் "ஆமா" போடுவார். அந்த "ஆமா"வில் எத்தனை வகை! சந்தேகத்தோடு ஒரு ஆமா, கிண்டலாக ஒரு ஆமா, அழுகை முட்டிய ஒரு ஆமா.

நடுவில் பாட்டு நின்றது. கோவில் நிர்வாகி ஒரு துண்டுச் சீட்டை நீட்ட, அண்ணாவி அதே சுருதியில் வாசித்தார்: மும்பையில் இருக்கும் இன்னார் மகன் இன்னார் அன்பளிப்பு ரூபாய் ஐநூற்றியொன்று, அவர் குடும்பத்தை அம்மன் காக்கட்டும். வாசித்துவிட்டு விட்ட வரியைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். இரவு முழுக்க இது நடந்தது. நண்பருக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு, பேரை வாசித்ததும் கூட்டத்தில் எந்தப் பக்கம் தலைகள் திரும்புகின்றன என்று கவனிக்க ஆரம்பித்துவிட்டார்.

கதை பழையனூர் நீலி. இசக்கியின் கோவிலில் இதைத்தான் பாடுவார்கள். முற்பிறப்பில் தன்னைக் கொன்றவன் வணிகனாகப் பிறந்து வருகிறான். நீலி பெண்ணுருவில் வழிமறிக்கிறாள். கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் புருஷன் என்று பழையனூர்ச் சபையில் வழக்குப் பேசுகிறாள். ஊர்ப் பெரியவர்கள் எழுபது பேர் அவளை நம்பி, வணிகனிடம் இருந்த கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, உன் உயிருக்கு எங்கள் உயிர் ஜாமீன் என்று சொல்லி, இருவரையும் ஒரே இடத்தில் தங்க வைக்கிறார்கள். விடிவதற்குள் அவன் செத்துக் கிடக்கிறான். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீக்குளிக்கிறார்கள். இந்தக் கதையில் யார் பக்கம் நிற்பது என்று எனக்கு இன்றுவரை முடிவாகவில்லை. கேட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கு அந்தக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. நீலி சபையில் நின்று பேசப் பேச அவர்கள் முகம் தெளிந்துகொண்டே வந்தது.

நள்ளிரவுச் சாமக்கொடைக்கு முன்னால் கதையைக் கொலைக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதுதான் கணக்கு. பூப்படைப்பு முடிந்து அம்மனுக்குத் தீபாராதனை காட்டும் நேரமும், நீலி வணிகன் நெஞ்சில் கை வைக்கும் நேரமும், சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வரும் நேரமும் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொள்ள வேண்டும். ஒலிபெருக்கியில் இருக்கும் பாட்டும் கோவில் வாசலில் இருக்கும் ஆளும் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு வருவார்கள். அன்று அருள் வரத் தாமதமானது. மூத்த கோமரத்தாடி கண்ணை மூடி நின்றாரே தவிர உடம்பில் ஒரு அசைவு இல்லை. அண்ணாவி ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடினார். தாளத்தைக் கொஞ்சம் இறுக்கினார், கொஞ்சம் விட்டார், மறுபடி இறுக்கினார். அவர் பார்வை முழுக்க அந்த மனிதரின் கால் பெருவிரலில் இருந்தது. விரல் தரையை அழுத்தியதும் குடம் இரட்டிப்பாக விழுந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து குரவை எழுந்தது. வெளியே காத்திருந்த நையாண்டி மேளம் உள்ளே புகுந்தது. அதற்கு மேல் வில்லுச் சத்தம் யாருக்குக் கேட்டது! அண்ணாவியின் வாய் அசைந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான்.

கைதட்டல் என்று ஒன்று அந்த இரவு முழுக்க ஒரு முறைகூட இல்லை. சாமி ஆடி முடித்துத் திருநீறு கொடுக்க வந்தபோது முதலில் அண்ணாவியின் நெற்றியில்தான் பூசியது. பாடகருக்குக் கிடைத்த பாராட்டு அதுதான்.

காலையில் டீக்கடையில் ரசவடையோடு விமர்சனம் தொடங்கியது. இங்கே ரசிகர்கள் இரக்கமே இல்லாதவர்கள்.

"அவரு தொண்டை போச்சு வே. மேல போற இடத்துல எல்லாம் அந்தப் பயல விட்டுட்டு இவரு கீழ நின்னுக்கிட்டாரு, பாத்தியளா?"

"தொண்டை போனா என்ன? சாமிய கொண்டு வந்தாரா இல்லியா? போன வருசம் ஒரு செட்டு வந்துதே, சினிமா மெட்டும் சிரிப்புமா. அம்மன் வந்து நின்னா, இவனுக சிரிப்புத் தீரல்ல."

"சபையில வழக்கு பேசுத இடத்த சுருக்கிட்டாரு. அது நல்லால்ல. அதுலதான் கதையே இருக்கு."

ஓர் இளைஞர் மட்டும், வில்லோடு கீபோர்டும் ரிதம் பேடும் வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. டீ மாஸ்டர்கூட.

அப்போதுதான் பதிவு பற்றிய பேச்சு வந்தது. அன்றிரவுக்கு இரண்டு பதிவுகள் இருந்தன. ஒன்று மைக் செட்காரர் மிக்ஸரிலிருந்து நேராகப் பென் டிரைவில் எடுத்தது. இன்னொன்று பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு கல்லூரி மாணவி தன் கைபேசியில் எடுத்தது. அவள் பெரியப்பா டீக்கடையிலேயே இருந்தார். அவள் அனுப்பிய பதிவு ஏற்கெனவே பாதி ஊரில் சுற்றிக்கொண்டிருந்தது. நண்பர் இரண்டையும் வாங்கிக்கொண்டார். நாகர்கோவிலில் விடுதி அறைக்கு வந்ததும் ஒரே இடத்தை மாற்றி மாற்றிப் போட்டார்.

பென் டிரைவில் இருந்தது சுத்தமான பாட்டு. ஒவ்வொரு சொல்லும் தெளிவு. குடம் தனியாக, உடுக்கை தனியாகக் கேட்டது. கொலைக்கு முந்தைய இடத்தில் அண்ணாவி ஒரே அடியை ஏழு தடவை பாடுகிறார். அறையில் உட்கார்ந்து கேட்கும்போது, கிழவருக்கு அடுத்த வரி மறந்துவிட்டது என்றே தோன்றும். எதற்காக அந்த ஏழு தடவை என்பதற்கு அந்தப் பதிவில் ஒரு தடயமும் இல்லை. குரவை எங்கோ தூரத்தில் கொசு போலக் கேட்கிறது.

கைபேசிப் பதிவில் பாட்டுப் பாதிதான் புரிகிறது. ஒரு குழந்தை சிணுங்குகிறது. ஒரு பெண் இன்னொருத்தியிடம் நகை பற்றி விசாரிக்கிறாள். காற்று அடித்துக்கொண்டு போகிறது. மூன்றாவது தடவை அடி திரும்பும்போது பக்கத்தில் யாரோ "இன்னும் வரல்ல பிள்ளே" என்கிறார்கள். ஐந்தாவது தடவையில் பேச்சு நின்றுவிடுகிறது. குழந்தைகூட அடங்குகிறது. ஏழாவதில் குரவை. கைபேசியின் சிறிய மைக் தாங்க முடியாமல் ஒலி உடைந்து சிதறுகிறது. அந்த உடைசலுக்கு நடுவில் அந்த மாணவியின் சொந்தக் குரலும் குரவையில் சேர்ந்திருப்பது கேட்கிறது. பதிவு செய்கிறோம் என்பதையே அவள் மறந்திருக்கிறாள்.

நண்பர் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கிரேட்புல் டெட் பற்றிச் சொன்னார். 1965 முதல் 1995 வரை ஓடிய அமெரிக்கக் குழு. ஒரே பாட்டை இரண்டு இரவு ஒரே மாதிரி வாசிக்காதவர்கள். ரசிகர்கள் டேப் ரெக்கார்டரோடு வந்து பதிவு செய்து, காசு வாங்காமல் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். குழு அதைத் தடுக்காமல், 1984 அக்டோபரில் பதிவு செய்கிறவர்களுக்கு என்றே அரங்கத்தில் தனி இடம் ஒதுக்கிக் கொடுத்தது. மிக்ஸர் பதிவு உசத்தியா, கூட்டத்திலிருந்து எடுத்தது உசத்தியா என்று அந்த ரசிகர்கள் இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். இரண்டையும் கலந்து ஒரே பதிவாக்கி, அதற்கு மேட்ரிக்ஸ் என்று பெயரும் வைத்திருக்கிறார்கள்.

1984 அக்டோபர் என்றதும் எனக்கு வேறொன்று நினைவு வந்தது. நாகர்கோவிலில் வானொலி நிலையம் தொடங்கியது அந்த மாதக் கடைசியில்தான். நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் அது. அதற்கு முன்பு திருநெல்வேலி, திருவனந்தபுரம் நிலையங்களில் வில்லுப்பாட்டு கேட்போம். வானொலி வில்லுப்பாட்டை ஊரைத் தாண்டி எடுத்துச் சென்றது உண்மை. ஆனால் இரவு முழுக்கப் பாடுவதை அரைமணியில் அடக்கச் சொன்னால் எதை விடுவார்கள்? காத்திருக்கும் இடத்தைத்தான். ஒழுகினசேரிக்காரரான கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வில்லைக் கோவில் முற்றத்திலிருந்து மேடைக்குக் கொண்டுபோனார். அவர் அழைத்துப்போய் வளர்த்த சுப்பு ஆறுமுகம் அதைச் சென்னைச் சபாக்கள் வரை கொண்டுசேர்த்து, 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். அந்த மேடைகளில் நகைச்சுவை உண்டு, சமூகக் கருத்து உண்டு, கைதட்டல் நிறைய உண்டு. சாமிக்கு அங்கே வேலை இல்லை. எனக்கு அந்த வில்லும் பிடிக்கும். ஆனால் நேற்றைய ஏழு தடவையை அங்கே யாரும் பாடத் தேவையில்லை.

1970-களின் பிற்பகுதியில் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த ஊர்களில் டேப் ரெக்கார்டரோடு அலைந்திருக்கிறார். 1988-இல் வெளியான அவருடைய நூலில், தெய்வப் பிறப்பைப் பாடும் கதைகளுக்கும் அகால மரணத்தைப் பாடும் கதைகளுக்கும் நிகழ்த்துவதிலேயே எவ்வளவு வேறுபாடு என்று காட்டியிருப்பார். மரணம் வரும் இடத்தில்தான் அருள் ஏறும், கூட்டமும் பாட்டும் ஒன்றாகும். நம் பக்கத்தில் அ.கா. பெருமாள் வாழ்நாள் முழுக்க இந்தக் கதைகளின் ஏடுகளையும் வாய்மொழிகளையும் தேடித் தொகுத்தவர். அச்சில் வந்த கதைப்பாடல்களை வைத்துக்கொண்டு படித்தால் கதை முழுமையாகக் கிடைக்கும். அந்தக் கால் பெருவிரல் கிடைக்காது.

மறுநாள் கொட்டாரத்துக்குப் போனோம். வழியெல்லாம் வாழைத்தோட்டம். காரை நிறுத்தி மட்டிப்பழம் வாங்கினோம். கொட்டாரம் என்றால் எனக்குப் பூங்கனி அம்மா. பெண்கள் வில்லின் முன்னால் அண்ணாவியாக உட்காருவது அரிதாக இருந்த காலத்தில் சிறுமியாகத் தொடங்கி, தென் மாவட்டம் முழுக்கத் தன் பெயரைச் சொன்னால் கூட்டம் வரும்படி செய்தவர். கணவர் குடம் அடிப்பார், மனைவி பாடுவார். முதுமையில் வறுமை. 2018-இல் காலமானார். அங்கே ஒரு பெட்டிக்கடையில் விசாரித்தபோது கடைக்கார அம்மா சொன்னார்: "அவ்வோ பாடினா பொம்பளையளுக்குத்தான் முதல்ல சாமி வரும். ஆம்பளை பாடினா ஆம்பளைக்கு முதல்ல வரும். அப்பிடி ஒரு கணக்கு உண்டும்." இது சரியான கணக்கா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஒரு பாடகியைப் பற்றி ஒரு ரசிகை இவ்வளவு நுட்பமாகப் பேசி நான் வேறெங்கும் கேட்டதில்லை. பூங்கனி பாடிய கேசட் இருக்கிறதா என்று நண்பர் கேட்டார். இருந்தது, பூஞ்சை பிடித்துவிட்டது, எடுத்துப் போட்டாயிற்று என்றார்.

அங்கிருந்து மேற்கே தக்கலை. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டுக்குள் இருக்கிறது, நிர்வாகம் கேரள அரசிடம். 1956-இல் குமரி மாவட்டம் தாய்த்தமிழகத்தோடு சேர்ந்தபோது நிலம் இந்தப் பக்கம் வந்தது, அரண்மனை அந்தப் பக்கம் நின்றுவிட்டது. அங்கே நவராத்திரி மண்டபத்தைத்தான் நண்பருக்குக் காட்ட நினைத்தேன். கல் தூண்கள், கண்ணாடிபோலப் பளபளக்கும் கறுப்புத் தரை, பக்கத்தில் சரஸ்வதி கோவில். அரச குடும்பத்துப் பெண்கள் மரச் சாளரத்தின் பின்னால் உட்கார்ந்து கச்சேரி கேட்டிருக்கிறார்கள். 1795-இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியபோது கச்சேரியும் போய்விட்டது. அதற்குப் பிறகு ஆண்டுதோறும் இங்கிருந்து சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போய் நவராத்திரி முடிந்து திரும்பி வருகிறார்கள். கம்பர் வழிபட்ட சரஸ்வதி இது என்பது இங்குள்ள நம்பிக்கை.

திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபக் கச்சேரிக்கு ஒரு விதி உண்டு. கைதட்டக் கூடாது. பாடுவது சரஸ்வதிக்கு, கேட்பவர்கள் பக்கத்தில் உட்கார அனுமதிக்கப்பட்டவர்கள், அவ்வளவுதான். ஒன்பது இரவுக்கும் சுவாதித் திருநாள் இயற்றிய ஒன்பது கீர்த்தனைகள் உண்டு. கூரையிலிருந்து கவிழ்த்துத் தொங்கவிட்ட மண்பானைகள் ஒலியைச் சீராக்குகின்றன. திருவனந்தபுரம் வானொலி அதை நேரடியாக ஒலிபரப்புகிறது. எவ்வளவு பெரிய வித்வான் பாடினாலும் தனி ஆவர்த்தனம் முடிந்ததும் சுருதிப்பெட்டி மட்டும்தான் கேட்கும். பெண்கள் அங்கே பாட 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதலில் பாடியவர் எண்பதைத் தாண்டிய பாறசாலை பொன்னம்மாள். பாறசாலை, களியக்காவிளையைத் தாண்டியதும் வரும் எல்லை ஊர். அவருக்கும் கைதட்டல் இல்லை. அதுதானே சமமான மரியாதை.

"நூறு கிலோமீட்டருக்குள் இரண்டு கச்சேரி. இரண்டிலும் கைதட்டல் இல்லை. ஒன்றில் கூட்டம் வாயே திறக்காது, இன்னொன்றில் கூட்டம் பாட்டையே பிடுங்கிக்கொள்ளும்" என்று நண்பர் கணக்குப் போட்டார். எனக்கு அவ்வளவு எளிதாகப் பிரிக்கத் தோன்றவில்லை. இரண்டு இடத்திலும் பாடகர் பார்ப்பது கூட்டத்தை அல்ல. மண்டபத்தில் சரஸ்வதி அசைய மாட்டாள், ஆகவே பாடகர் தன் கணக்கில் பாடி முடிக்கலாம். இசக்கி கோவிலில் தெய்வம் எப்போது அசையும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே பாட்டின் நீளம் பாடகர் கையில் இல்லை. நேரடிப் பதிவு என்று எதைச் சொல்வது என்ற கேள்விக்கு எனக்கு அங்கேதான் ஒரு பிடி கிடைத்தது. பாட்டோடு சேர்ந்து வந்த ஆரவாரம் அதில் முக்கியமே இல்லை. பாட்டின் நீளத்தை மாற்றிய ஆள் யார் என்பது கேட்க வேண்டும். அது கேட்காவிட்டால், எத்தனை ஆயிரம் பேர் கத்தினாலும் அது ஸ்டுடியோப் பாட்டுத்தான். நண்பர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. டீப் பர்ப்பிளுக்கு நான் அநியாயம் செய்கிறேன் என்றார்.

திரும்பும் வழியில் திருவிதாங்கோடு அரப்பள்ளிக்கு அவர் போகச் சொன்னார். புனித தோமையார் கி.பி. 63-இல் நிறுவியதாக மரபு சொல்லும் சிறிய கல் தேவாலயம். இந்தியன் ஓஷன் குழுவின் 'கண்டீசா' பாட்டு சிரியக் கிறிஸ்தவர்களின் வழிபாட்டிலிருந்து வந்தது என்பதால் அவருக்கு அங்கே ஒரு வேண்டுதல்போல. உள்ளே ஒருவரும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கிளம்பினோம். வெயில் கடுமையாக இருந்தது.

அடுத்த இரண்டு இரவும் நண்பர் மடிக்கணினியோடு உட்கார்ந்தார். இரண்டு பதிவையும் கலப்பது சொல்வதுபோல் சுலபமில்லை. ஒவ்வொரு கருவியின் கடிகாரமும் ஒரு துளி வேறு வேகத்தில் ஓடுவதால், தொடக்கத்தில் சேர்த்து வைத்தாலும் இரண்டு மணி நேரத்தில் ஒன்று முந்திவிடும். வில்லின் மணியோசையை அடையாளமாக வைத்து இடையிடையே வெட்டி ஒட்டினார். காற்றை வடிகட்டப் பார்த்தால் குரவையின் அடிக்கனமும் சேர்ந்து போனது. காற்றை விட்டுவிட்டார். வழக்குப் பேசும் இடத்தில் பென் டிரைவை முன்னால் வைத்தார், சொல் புரிய வேண்டுமே. கொலை நெருங்க நெருங்கக் கைபேசியை மேலே கொண்டுவந்தார்.

அதை எடுத்துக்கொண்டு அகஸ்தீஸ்வரம் பக்கம் அண்ணாவியின் வீட்டுக்குப் போனோம். திண்ணையில் உட்காரவைத்துச் சுக்குக் காப்பி கொடுத்தார்கள். ஹெட்போன் வேண்டாம், வெளியிலேயே போடு தம்பி என்றார். தன் பாட்டை மற்ற யாருடைய பாட்டையோ கேட்பதுபோலத் தலையை ஆட்டிக் கேட்டார். பின்பாட்டுக்கார இளைஞனின் ஒரு "ஆமா" தவறிய இடத்தில் நாக்கைத் தட்டினார். அடி நான்காவது தடவையாகத் திரும்பும்போது சட்டென்று கையை உயர்த்தினார்.

"நிறுத்துங்கோ. வீட்டுல அவ இருக்கா. அவளுக்கு வந்துட்டுன்னா யாரு பாக்கது? இங்க கொட்டும் இல்ல, மஞ்சனையும் இல்ல."

உள்ளே அவர் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றிருந்தது. நண்பர் பதறிப்போய் நிறுத்தினார். சிறிது நேரம் கழித்துப் பாத்திரச் சத்தம் மறுபடி கேட்டது. அண்ணாவி மூச்சு விட்டார்.

இதை வெளியிடலாமா என்று நண்பர் தயங்கித் தயங்கிக் கேட்டார். அண்ணாவிக்குத் தயக்கமே இல்லை. எல்லாவற்றையும் முன்பே யோசித்து வைத்தவர்போல் விரலை மடக்கினார்.

"ரெண்டாப் போடணும். பிறப்பு, வழக்கு எல்லாம் ஒண்ணு. சாவு தனியா ஒண்ணு. மொதல்ல உள்ளத வீட்டுல எப்பம் வேணும்னாலும் கேக்கலாம். ரெண்டாவத கோவில்ல வச்சுத்தான் கேக்கணும்னு மேல எழுதிருங்கோ. அன்பளிப்பு வாசிச்சத எங்கினயும் வெட்டப்பிடாது, கேட்டியளா? அந்தப் பேருக்காரங்கதான் மொதல்ல வாங்குவாங்க."

நண்பர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். கிளம்ப எழுந்தபோது அண்ணாவி வாசல்வரை வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, மேளம் வாறதுக்கு முன்னால ஒரு இடத்துல எனக்குத் தொண்டை உடஞ்சிருக்கும். அன்னைக்கு யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க. அந்த ஒரு வரிய மட்டும் இப்பம் நல்லபடியா பாடித் தாறேன். சேத்துக்கிடுதீங்களா?"